முக்கோணம் இருந்தால் மறுசுழற்சி ஆகிவிடுமா?

"சாஸ், காபித்தூள் சாஷேயில் முக்கோண அம்புக்குறி இருந்தால் அது மறுசுழற்சி ஆகிவிடும், கவலைப்படாமல் வாங்கலாம்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. அது தவறு.

முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை இருக்கும் எண், அது என்ன வகை பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்கிறது. 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த அடையாளம் அது. 2013-இல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். பழைய வடிவம் இன்னும் பல உறைகளில் அப்படியே இருக்கிறது.

சரி, ஒரு காலி சாஷேயைக் கிழித்துப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே வெள்ளிபோல் மின்னும். அது அலுமினியம், அதோடு பிளாஸ்டிக் படலங்களும் ஒட்டியிருக்கும். ஈரமும் காற்றும் உள்ளே போகாமல் காப்பது இந்த அடுக்குகள்தான், பிரிக்க முடியாமல் படுத்துவதும் இவைதான். மூலையில் ஒட்டிய சாஸையும் கழுவியாக வேண்டும். எடையோ ஒன்றிரண்டு கிராம், விற்றால் காசு தேறாது. அதனால்தான் பாட்டில் பொறுக்குகிறவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் மழை வந்தால் நேராகச் சாக்கடைக்குத்தான்.

2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் குப்பையில் மறுசுழற்சி ஆனது சுமார் 9 சதவீதம். அதிலும் சாஷேக்களின் பங்கு மிகச் சொற்பம்.