இலக்கு எண்ணும் பக்கத்துக் கட்டமும்

ஏப்ரல் பிறந்தால் அலுவலகங்களுக்கு இலக்குப் படிவங்கள் வந்துவிடுகின்றன. குழுத் தலைவர்கள் எக்செல் தாளைத் திறந்து, சென்ற ஆண்டின் இலக்கு வரிகளை அப்படியே நகலெடுத்து, 90 சதவீதம் என்று இருந்த இடத்தில் 95 என்று திருத்தி, மனிதவளத் துறைக்கு அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார்கள். அந்தத் தாள் மறுபடி திறக்கப்படுவது அடுத்த மார்ச்சில், அப்ரைசல் எனும் ஆண்டு மதிப்பீட்டு நேரத்தில்தான். இடைப்பட்ட மாதங்களில் அந்த எண்ணைப் பார்த்து யாரும் தம் வேலைமுறையை மாற்றிக்கொண்டதில்லை. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பல ஆண்டுகளாகக் குழுக்களை நடத்தி வருபவன் என்ற முறையில் எனக்கு இதில் ஓர் உறுதியான கருத்து உண்டு: ஒரு குழுவின் இலக்கு எண்ணைத் தனி மனிதரின் சம்பள உயர்வோடு முடிச்சுப் போட்ட பிறகு, அந்த எண் உண்மை பேசாது.

எண்ணே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. ‘இயன்றதைச் செய்யுங்கள்’ என்று மட்டும் சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவான, சற்றுக் கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1968-இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். பின்னர் அவரும் கேரி லேத்தமும் செய்த ஆய்வுகள், அதற்கு இலக்கின் மீது ஈடுபாடு இருக்க வேண்டும், நாம் இப்போது எங்கே நிற்கிறோம் என்ற தகவல் அவ்வப்போது கிடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லின. நம் அலுவலகங்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவிட்டன.

எண் எப்படிப் பொய் சொல்லத் தொடங்குகிறது என்பதை எங்கள் துறையிலேயே காட்டலாம். ஒரு புகார் டிக்கெட் வந்தால் எட்டு மணி நேரத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்பது இலக்கு என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் மென்பொருளில் ‘வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பு’ என்றொரு நிலை உண்டு. அந்த நிலைக்கு மாற்றினால் கடிகாரம் நின்றுவிடும். ஏழாவது மணி நேரத்தில், ஊக்கத்தொகையை நினைத்துக் கவலைப்படும் ஓர் இளைஞர் என்ன செய்வார்? ‘தங்கள் வாடிக்கையாளர் எண்ணை மீண்டும் ஒருமுறை அனுப்பவும்’ என்று ஒரு மின்னஞ்சல் தட்டுவார். அந்த எண் அவர் திரையிலேயே மேல் வலது மூலையில் இருக்கும். கடிகாரம் நிற்கும், இலக்கு நிலவரம் காட்டும் டாஷ்போர்டு பச்சையாகும், வாடிக்கையாளர் எரிச்சலோடு மறுபடி அழைப்பார், அதற்குப் புதிய டிக்கெட் ஒன்று திறக்கப்படும், மாதக் கடைசியில் ஒரே புகார் இரண்டு தீர்வுகளாகக் கணக்கில் ஏறும். அந்த இளைஞரை நேர்மையற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். நிறுவனம் எதற்குப் பணம் கொடுத்ததோ அதை அவர் கொடுத்தார்.

இதுவே ஒரு வங்கியின் அளவுக்குப் பெருத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ பொதுவெளியில் உள்ள சான்று. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு நிதிச் சேவைகள் வரை விற்க வேண்டும் என்று கிளை ஊழியர்கள் நெருக்கப்பட்டார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் இலட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டது 2016 செப்டம்பரில் அதிகாரபூர்வமாக வெளிவந்தபோது, 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்குள் சுமார் 5,300 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அடுத்த மாதமே தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். 2020-இல் அரசுடன் முடித்துக்கொண்ட வழக்குத் தீர்வுக்கு மட்டும் 300 கோடி டாலர் செலவானது. எட்டு என்ற இலக்கு துல்லியமானது, அளக்கத் தக்கது, காலக்கெடு உடையது. பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தரும் இலக்கணம் எதையும் அது மீறவில்லை.

இதற்கு மாற்று ஒன்றும் புதிதல்ல. இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆன்டி க்ரோவ், எந்த அளவையும் தனியாக வைக்காமல், அதைத் துரத்துவதால் கெடக்கூடிய வேறொன்றின் அளவையும் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். வேகத்தை அளந்தால் தரத்தையும் அளக்க வேண்டும். எட்டு மணி நேர இலக்கின் அருகில் ‘ஏழு நாள்களுக்குள் அதே வாடிக்கையாளர் அதே பிரச்சினைக்கு மறுபடி அழைத்த விகிதம்’ என்ற எண்ணை வைத்துவிட்டால், கடிகாரத்தை நிறுத்தும் வித்தை பெரும்பாலும் பயனற்றுப் போகும். இன்டெலில் பணியாற்றிய ஜான் டோர் 1999-இல் கூகுளுக்கு எடுத்துச் சென்ற ஓ.கே.ஆர். (குறிக்கோளையும், அதை எட்டியதைக் காட்டும் முக்கிய விளைவுகளையும் சேர்த்து எழுதும்) முறையின் அடிப்படையும் க்ரோவுடையதே. அங்கே துணிச்சலான இலக்கில் 70 சதவீதம் எட்டினால் நல்ல விளைவாகக் கொள்ளப்பட்டது. அந்த மதிப்பெண் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சூத்திரமாகவும் ஆக்கப்படவில்லை. நம்மூர் நிறுவனங்கள் பல ஓ.கே.ஆர். என்ற பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு பழைய படிவத்தின் தலைப்பை மாற்றியிருக்கின்றன. 70 சதவீதம் எட்டியவர் இந்த நிறுவனங்களில் ‘முன்னேற்றம் தேவை’ என்ற பெட்டிக்குள் போகிறார். அப்புறம் யார் துணிச்சலான இலக்கை எழுதுவார்கள்?

இலக்கைப் பின்தொடர்வது எப்படி என்று கற்க நான் கூகுள் வரை போகமாட்டேன், திருப்பூர் போதும். அங்குள்ள பின்னலாடை ஆலைகளில் தையல் லைனின் முனையில் ஒரு பலகை இருக்கும். மணி, டார்கெட், உற்பத்தி, காரணம் என்று கட்டங்கள் போட்டிருப்பார்கள். டார்கெட்டுக்கு ஓர் ஆதாரம் உண்டு: ஓர் ஆடையின் மொத்தத் தையல் நேரம் 10 நிமிடம் என்று நேர ஆய்வில் கணக்கிட்டிருந்தால், 30 பேர் கொண்ட லைன் முழுத் திறனில் மணிக்கு 180 உருப்படி தைக்கலாம், லைனின் நடப்புத் திறன் 60 சதவீதம் என்றால் 108. அந்த மணியில் 85 தான் வந்தது என்றால், பக்கத்துக் கட்டத்தில் ‘ஊசி உடைந்தது’, ‘கட்டிங் பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) வரவில்லை’ என்று எழுத வேண்டும். குறைவு தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் பண்டிலைத் தேடி ஆள் போகிறார். அதே பலகையைக் காட்டித் தொழிலாளர்களைத் திட்டி விரட்டும் சூப்பர்வைசர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அப்படி விரட்டப்படும் லைனில் காரணக் கட்டம் காலியாகவே கிடக்கும், பிழை திருத்த, அதாவது ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பும் துணி மட்டும் கூடும்.

குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கும் எங்களுடைய டாஷ்போர்டுகளில் அந்த நான்காவது கட்டம் இல்லை. ஆகவே எங்கள் குழுவில் அதைக் கையாலேயே சேர்த்துக்கொண்டோம். வாரம் ஒருமுறை, மூன்றே எண்களைப் பார்ப்போம்; குறைந்த எண்ணுக்கு எதிரே குழுவினரே காரணம் எழுதுவார்கள். அடுத்தடுத்த வாரங்களில் ‘கடவுச்சொல் மீட்பு மின்னஞ்சல் தாமதம்’ என்ற ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தபோது, அது எங்கள் குழுவின் சோம்பலல்ல, மென்பொருள் குழு சரிசெய்ய வேண்டிய கோளாறு என்பது தாளிலேயே தெரிந்தது. அந்தக் காரணத்தை எழுதினால் சம்பளம் குறையும் என்ற பயம் இருந்திருந்தால் ஒருவரும் அதை எழுதியிருக்கமாட்டார்கள், கடிகாரத்தை நிறுத்தியிருப்பார்கள்.

சம்பளத்தோடு சேர்க்காவிட்டால் இலக்கை யார் மதிப்பார்கள் என்று மேலாளர் நண்பர்கள் கேட்கிறார்கள். விற்பனைக் கமிஷன் போல, ஒருவரின் உழைப்பும் விளைவும் நேராகப் பொருந்தும் வேலைகளில் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மற்ற வேலைகளில் சம்பள உயர்வை மேலாளர்தான், ஆண்டு முழுவதும் பார்த்த வேலையை நினைவில் வைத்து, இன்ன காரணத்தால் இவ்வளவு என்று எழுதித் தீர்மானிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கமாவது எழுத வேண்டியிருக்கும். கேள்வி வந்தால் அந்த ஊழியரின் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லவும் வேண்டியிருக்கும். 94.6 என்ற எண்ணைக் காட்டி ‘சிஸ்டம் அப்படிச் சொல்கிறது’ என்று கைவிரிப்பதைவிட இது கடினம் என்பதை மறுக்கவில்லை. இந்த யோசனைக்கு ஊழியர்களைவிட மேலாளர்களிடமிருந்தே அதிக எதிர்ப்பு வருவதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.