கோயில் மைக்கில் என் வேலை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, பின்னால் இருக்கும் அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் எடுத்திருந்தேன். பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் மைக் பிடித்த மாமா சும்மா இருப்பாரா? “நம்ம தோட்டத்துப் பிள்ளை, பிட்காயின் கம்பெனியில பெரிய வேலை, நாளைக்குத் துபாய் போறாரு” என்று மூன்று தடவை சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது, பொய் சொல்லக் கூடாது.

நான் துபாய் போன நான்காம் நாள், முன்பின் தெரியாத ஒருவர் மோட்டாரில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார். “மகன் எப்பம்மா வராரு? வீட்டுல வேற யாரும் இல்லையா?” அம்மா தண்ணீரும் கொடுத்து, நான் திரும்பும் தேதியையும் சொல்லி அனுப்பிவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் அம்மா போனில் இதைச் சாதாரணமாகச் சொன்ன அந்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

பயம் வீண் பயம் அல்ல. 2025 ஜனவரியில் பிரான்சில், பிட்காயின் மாதிரி கிரிப்டோ பணத்தின் சாவியைப் பத்திரமாக வைக்கும் கருவி செய்கிற லெட்ஜர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் பாலாண்டையும் அவர் மனைவியையும் வீட்டிலிருந்தே கடத்தினார்கள். கிரிப்டோவில் பிணைப்பணம் கேட்டு அவர் விரலை வெட்டினார்கள். போலீஸ்தான் மீட்டது. அதே ஆண்டு மே மாதம், கிரிப்டோ வாங்கி விற்க உதவும் பேமியம் நிறுவனத் தலைவரின் மகளைப் பாரிஸ் தெருவில் பட்டப்பகலில் வேனுக்குள் இழுக்கப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்தில் ஒருவர் தீயணைப்பான் உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கவனியுங்கள், மனைவி, மகள். அந்த வரிசையில் அம்மாவை வைத்துப் பார்த்தேன்.

எனக்குச் சொந்தமாகப் பெரிய காசு கிடையாது. அடுத்தவர் எழுதிய நிரலில் ஓட்டை தேடுவதுதான் என் வேலை. ஆனால் கடத்துகிறவன் பே ஸ்லிப் கேட்டுவிட்டா தூக்குவான்? வங்கியில் என்றால் வரம்பு இருக்கிறது, கணக்கை முடக்கலாம். பிட்காயின் ஒரு தடவை போய்ச் சேர்ந்தால் திருப்பித் தர ஆளில்லை. 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள்தான் சாவி, சொற்கள் கிடைத்தவனுக்குப் பணம். பூட்டை உடைக்க முடியாதவன் பூட்டுக்காரனைத்தான் உடைப்பான்.

இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னவர் என் தாத்தா. அவர் வேலை செய்த தோட்டத்தில், மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தின்போது, கிராணி என்கிற தோட்டக் கணக்கர் வங்கியிலிருந்து சம்பளப் பணம் கொண்டு வருவாராம். எந்தப் பாதையில், எத்தனை மணிக்கு வருவார் என்று ஒருவருக்கும் தெரியாது. சில நாள் முன்னால் வரும் காரில் வெறும் பை, பின்னால் வரும் லாரியில் மண்வெட்டிகளுக்கு நடுவே பணம். தொழிலாளர்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கூப்பிட்ட பிறகுதான் சம்பளம் வந்துவிட்டதே தெரியும். கிராணிக்கு இருந்த புத்தி, விமான நிலையத்தில் போர்டிங் பாஸைப் படம் எடுத்துப் போடுகிற எங்களுக்கு இல்லை.

சரி, இப்போது என்ன செய்கிறேன்? டோக்கன்2049 மாதிரி கிரிப்டோ மாநாடுகளில் கழுத்தில் தொங்கவிடும் அட்டையை மண்டப வாசலிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறேன். பெயரும் கம்பெனியும் எழுதிய அட்டையோடு வாடகைக் காருக்கு நிற்பதும், நெற்றியில் விலை ஒட்டிக்கொண்டு நிற்பதும் ஒன்றுதான். இலவசமாகத் தரும் காயின் படம் போட்ட டி-சட்டை வீட்டில் கார் துடைக்க உதவும். படங்களை ஊர் வந்து சேர்ந்த பிறகே போடுகிறேன். டெலிகிராமில் பழகியவர் நேரில் பார்க்கக் கூப்பிட்டால், ஆள் நடமாட்டமுள்ள கடையில், பகலில்தான். பயணப் போனில் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசுக்கு மேல் இருக்காது.

சிலர் போலி வாலட் (கிரிப்டோ பணப்பை) ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். மிரட்டினால் சின்னத் தொகையைக் காட்டிவிடலாமாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இந்த வித்தை அவனுக்கும் தெரியும். “இன்னொன்று எங்கே?” என்று அடிப்பான். உண்மையிலேயே இன்னொன்று இல்லாதவன் எப்படி நிரூபிப்பான்? அதைவிட மூன்று சாவியில் இரண்டு சேர்ந்தால்தான் பணம் நகரும் என்ற ஏற்பாடு மேல். என்னுடையதில் ஒரு சாவி வேறு ஊரில், வேறொருவர் கையில். அதற்காகப் போக்கிரியிடம் வாதாடச் சொல்லவில்லை. கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு உயிரோடு வர வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவோடு ஒரு அடையாளச் சொல்லும் பேசி வைத்திருக்கிறேன். என் குரலிலேயே யாராவது அழுதுகொண்டு பணம் கேட்டாலும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். பழைய தோட்டத்து லய வீட்டில் இருந்த காலத்துச் சொல். என்னவென்று இங்கே எழுத மாட்டேன், நீங்களும் கமெண்டில் ஊகிக்க வேண்டாம்.

மாமாவிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. பெருமையாகச் சொன்னவரைப் போய்க் குறை சொல்வதா? ஒட்டுக்கடையில் தே தாரேக் வாங்கிக் கொடுத்து மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரிடா, அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர்னு சொல்லிடறேன்” என்றார்.

போன மாதம் நான் சிங்கப்பூரில் இருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா, தம்பி எங்கே என்று கேட்டிருக்கிறார். “தூங்குறான்” என்றாராம் அம்மா.