விலை பார்த்து எடுப்பதில்லை

"அமெரிக்க ராணுவத் தளங்கள் அபாயக் கழிவுப் பொறியியல் வேலையை விலை குறைத்துக் கேட்கும் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுக் கைகழுவிவிடும்" என்று மேலே நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

மண், நிலத்தடி நீர் ஆய்வு, சுத்திகரிப்பு வடிவமைப்பு போன்ற பொறியியல் சேவைகளுக்கு விலையை விட்டு, தகுதியைப் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் 1972-ஆம் ஆண்டின் புரூக்ஸ் சட்டம் பொருந்தும். நிறுவனங்கள் எஸ்எஃப் 330 என்ற அரசுப் படிவத்தில் தங்கள் பொறியாளர்களின் தகுதியையும் முன்பு செய்த வேலைகளையும் காட்ட வேண்டும். அதில் விலைக்கு இடமே கிடையாது. தரவரிசையில் முதலில் வரும் நிறுவனத்தோடுதான் கட்டணப் பேச்சு, படியாவிட்டால் அடுத்தவர். கழிவை அள்ளிச் செல்லும் ஒப்பந்தங்களில் விலைப்போட்டி உண்டு, அது வேறு. இரண்டையும் குழப்பியதில்தான் இந்தத் தவறான தகவல் பரவுகிறது.

பொறுப்பும் கைமாறுவதில்லை. லாரி கிளம்பும்முன், கழிவோடு கூடவே போகும் மேனிஃபெஸ்ட் என்ற கண்காணிப்புத் தாளில் கழிவை உண்டாக்கிய தரப்பு, அதாவது தளம், கையெழுத்திட வேண்டும். 1992-இல் வந்த கூட்டரசு வளாக இணக்கச் சட்டத்துக்குப் பிறகு மாநிலங்களே தளங்களுக்கு அபராதம் போடலாம். அதற்கும் முன்பே, 1989-இல், மேரிலாந்தின் அபர்டீன் தளத்தில் அபாயக் கழிவைச் சட்டவிரோதமாக வைத்திருந்ததற்காக ராணுவத்தின் சிவிலியன் பொறியாளர்கள் மூவர் தனிப்பட்ட முறையில் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். இதையா கைகழுவுவது என்கிறீர்கள்? தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள், நிறைய பேர் பகிர்கிறார்கள்.