பெரிய பழத்தைப் பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள்
தக்காளி விதை சேமிப்பு பற்றிய ஒரு கட்டுரை, தோட்டத்திலேயே பெரிய பழத்தின் விதையை எடுத்து வைத்தால் ஆண்டுக்கு ஆண்டு மகசூல் கூடும் என்று சொல்கிறது. அதில்தான் சிக்கல். மகசூல் என்பது காய் எண்ணிக்கையும் சராசரி எடையும் சேர்ந்தது. தக்காளியில் ஒன்று ஏறினால் மற்றது பெரும்பாலும் இறங்கும். போதாக்குறைக்கு, முதல் கொத்தில் வரும் ராட்சதப் பழம் பல நேரம் பூக்கள் ஒட்டிப்போய் உருவானது, கோணல்மாணலாக இருக்கும். ஒரே செடியில் பழம் பெரிதோ சிறிதோ, விதையில் இருப்பது அந்தச் செடியின் மரபுதான். வரப்போரச் செடிகளை முதலில் தள்ளிவிடுங்கள் (இடமும் வெயிலும் கூடுதலாகக் கிடைத்துக் கொழுத்தவை). நடு வரிசைகளில் செடிக்குக் கொத்து எத்தனை, கொத்துக்குப் பூ எத்தனை, அதில் காயானது எத்தனை என்று எண்ணி, ஒவ்வொரு பறிப்பையும் செடிவாரியாக எடை போடுங்கள். நம் கோடையில் இரவுச் சூடு தணியாமல் பூ உதிரும்போதும் காய் பிடிக்கும் செடி கண்ணில் பட்டால் அதை விடவே கூடாது. இப்படித் தேறிய செடிகளின் விதைகளைக் கலக்காமல் அடுத்த பருவம் தாய்ச் செடிக்கொரு வரிசையாக 20 நாற்று நடுங்கள். தாய் செழித்து வரிசை மந்தமானால், அந்தச் செழிப்பு மண்ணும் உரமும் தந்தது. வீரிய ஒட்டு ரகத்தின் (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது) பழத்திலிருந்து விதை எடுத்தாலோ, அடுத்த தலைமுறையிலேயே செடிகள் பலவிதமாகப் பிரியும். தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் இரு பெற்றோரிடமிருந்து வந்த மரபுக் கலப்பு தலைமுறைக்குப் பாதியாகக் குறைந்து, ஒட்டு ரகத்தையே முதல் தலைமுறையாக எண்ணினால், ஆறாம் தலைமுறையில் சுமார் 3 சதவீதமே மிஞ்சும். முதல் இரண்டு மூன்று தலைமுறைகளில் நோய், செடி வாகு, பழ வடிவம் பார்த்துக் கழித்தால் போதும், எடைக் கணக்கை அதற்குப் பிறகு கறாராக்கலாம்.