சதவீதம் குறைஞ்சா வேலை கிடைச்சிருச்சுன்னு அர்த்தமா?

போன மாசத்தவிட வேலையில்லாதவங்க சதவீதம் குறைஞ்சிருக்குன்னு கட்டுரைல சந்தோஷமா எழுதிருக்கீங்க, சரி, ஆனா அந்தக் கணக்க எப்படி போடுறாங்கன்னு பாக்கணும்ல. ஐஎல்ஓ, அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்போட வரையறைப்படி வாரத்துல 1 மணி நேரம் காசுக்கு வேலை பாத்தாலே அவரு வேலையில இருக்கிறவருதான், தேடித்தேடி அலுத்துப்போய் தேடுறதையே விட்டவங்க வேலையில்லாதவங்க லிஸ்ட்லயே வர மாட்டாங்க, அதனால நிறைய பேரு வெறுத்துப்போய் உக்காந்துட்டா கூட சதவீதம் அழகா இறங்கிரும்! இதுல சீசன் வேற, அறுவடை, பண்டிகை வியாபாரம்னு வந்தா ஆள் எடுப்பாங்க முடிஞ்சதும் அனுப்பிருவாங்க, அந்த சீசன் ஏத்த இறக்கத்த கணக்குல கழிக்காம மாசத்துக்கு மாசம் ஒப்பிட்டா ஒண்ணும் புரியாது, போன வருஷம் இதே மாசத்தோட வச்சுப் பாத்தாலாவது பரவால்ல. அடுத்த தடவ எத்தன பேருக்கு நிரந்தர சம்பளம்னும் சேத்துப் போடுங்க சார்.