கேட்டுட்டுச் செய்தா என்ன குறைஞ்சு போகும்?

"இப்ப யாழ்ப்பாணம் எண்டதைத் திருப்பிச் சேத்தாச்சுத்தானே, இன்னும் என்னத்துக்கு உந்தச் சத்தம்?" எங்கட ஊர்க் கலாசார மையத்துக்குப் பேர் மாத்தினதைப் பற்றி நான் போட்ட பதிவுக்குக் கீழ நேற்று வந்து இப்பிடிக் கேட்டிருக்கினம். முகம் தெரியாத ஆக்கள் எண்டா விட்டிருப்பன், எல்லாம் தெரிஞ்ச ஆக்கள், அதில ரெண்டு பேர் என்னோட படிச்சவை, அதாலதான் இவ்வளவு நீட்டுக்கு எழுதுறன்.

சத்தம் பேருக்கில்லை. முதலே சொல்லிப்போடுறன். எங்களைக் கேக்கேல்லை. அதுக்குத்தான் சத்தம். இந்தியா கட்டித் தந்த அந்தக் கட்டடம் 2025 ஜனவரி 18 வரைக்கும் யாழ்ப்பாணம் கலாசார மையம். அண்டைக்கு ஒரு நிகழ்ச்சி வைச்சினம், இந்தியத் தூதுவர் வந்தார், இலங்கை அமைச்சர்மார் வந்தினம், முடிஞ்சு வெளியில வரேக்க அது திருவள்ளுவர் கலாசார மையம். ஊர்ப் பேர் போயிட்டுது. ஊர்ச்சனம் கத்தினாப் பிறகு "யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையம்" எண்டு மாத்தினவை. சரி, மாத்தினதுக்கு நன்றி. ஆனா மாத்தேக்கயும் எங்களைக் கேக்கேல்லையே! முதல் தரமும் கேக்கேல்லை, ரெண்டாம் தரமும் கேக்கேல்லை.

முதலாவது கேள்வி, "உனக்குத் திருவள்ளுவர் பிடிக்கேல்லையோ?" இதைக் கேட்டவருக்கு நான் நல்லா விளங்கப்படுத்தத்தான் வேணும். எங்கட நல்லூர் ஆறுமுக நாவலர் பரிமேலழகர் உரையோட குறளை அச்சில கொண்டுவந்தது 1861இல. சிதம்பரத்தில பள்ளிக்கூடம் கட்டினதும் அதே மனுசன்தான். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி அலைஞ்சு 1887இல கலித்தொகையைப் பதிப்பிச்சவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில முதல் பட்டம் வாங்கின ஆக்களில அவரும் ஒருத்தர். தமிழ்நாட்டுக்கும் எங்களுக்கும் இருக்கிற தொடர்பு 2015இல ஆரோ இந்த மையத்துக்கு அடிக்கல் நாட்டினாப் பிறகு முளைச்சதில்லை. இஞ்சையிருந்தும் போயிருக்கு, அங்கையிருந்தும் வந்திருக்கு. என்ர அப்பா ஒவ்வொரு நாளும் விடிய ஒரு குறளைச் சொல்லிப்போட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார், அவரின்ர மகனிட்ட வந்து திருவள்ளுவர் பிடிக்கேல்லையோ எண்டு கேக்கிறீங்கள். அது எனக்கு நோகுது, உண்மையா நோகுது.

அந்தப் பேர் எங்கையிருந்து வந்தது எண்டும் பாருங்கோ. 2024 தேர்தலுக்கு பாரதிய ஜனதா விட்ட அறிக்கையில உலகம் முழுக்கத் திருவள்ளுவர் கலாசார மையங்கள் அமைப்பம் எண்டு இருக்கு. அந்த வருசம் செப்டம்பரில மோடி சிங்கப்பூர் போனபோதும் அங்க ஒண்டு வரும் எண்டு அறிவிச்சவர். பிறகு ஜனவரியில இஞ்ச. புதுசாக் கட்டி அந்தப் பேரை வையுங்கோ, நானே மாலை கொண்டு வாறன். ஏற்கெனவே பேரோட நிண்ட கட்டடம் இது, எங்கட ஊரின்ர பேரோட நிண்டது. இன்னொரு நாட்டுக் கட்சி தன்ர சனத்துக்குக் குடுத்த வாக்குறுதியை எங்கட ஊர்ப் பேரை எடுத்துத்தான் நிறைவேத்த வேணுமோ?

அடுத்தது, "காசு தந்தவன் பேர் வைப்பான்தானே." பதினொண்டு பன்ரெண்டு மில்லியன் டொலர் இந்திய மானியம், மறுக்கேல்லை. நல்ல கட்டடம், அதையும் மறுக்கேல்லை. 600 பேர் இருக்கிற மண்டபம், அருங்காட்சியகம், எல்லாம் வடிவா இருக்கு. ஆனா மானியம் எண்டு தந்திட்டு உரிமையையும் வைச்சிருந்தா அதுக்குப் பேர் என்ன? சொந்தக்காரர் ஒருத்தர் பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தொட்டில் வாங்கிக்கொண்டு வந்து, தொட்டில் என்ர காசு எண்டு பிள்ளைக்கும் தானே பேரை வைச்சிட்டுப் போனா நீங்கள் பேசாமல் இருப்பியளோ?

இந்தியா இஞ்ச செய்தது கொஞ்ச நஞ்சம் இல்லை, அதையும் நானே சொல்லுறன், நீங்கள் வந்து பட்டியல் போடத் தேவையில்லை. யாழ்தேவி 2014இல திரும்ப யாழ்ப்பாணம் வந்தது இந்தியக் கடனில, இந்திய ரயில் கம்பனி போட்ட தண்டவாளத்தில. வடக்கு கிழக்கில பத்தாயிரக்கணக்கில வீடு. துரையப்பா விளையாட்டரங்கு. பலாலி விமான நிலையம். அந்தப் பலாலிக்கு நான் தனிப்பட்ட முறையில கடமைப்பட்டவன். அம்மாவுக்கு நெஞ்சு ஒப்பரேசன் சென்னையில. முந்தியெண்டா இரவு பஸ்ஸில விடிய விடியக் கொழும்பு, பிறகு கட்டுநாயக்கா, பிறகு பிளேன். அந்த உடம்போட அவ கொழும்பு மட்டும் தாங்கியிருப்பாவோ தெரியாது. பலாலியில ஏறி ஒண்டரை மணித்தியாலம் ஆகமுன்னம் சென்னையில இறங்கினம். அம்மா ஜன்னலால கடலைப் பாத்துக்கொண்டே வந்தவ.

அங்க ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு வீட்டு மாடியில வாடகைக்கு அறை எடுத்தனாங்கள். வீட்டுக்கார அம்மா முதல் நாளே மேல ஏறி வந்து, "அம்மாவுக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கும்? இட்லி குடுக்கலாமா, இல்ல உங்க ஊர்ல வேற மாதிரி கஞ்சி வைப்பீங்களா?" எண்டு கேட்டவ. நான் அரிசியும் பயறும் போட்டு வைக்கிறதெண்டு சொன்னன். அடுத்த நாள் அப்பிடியே வைச்சுக்கொண்டு வந்தா. "உப்புப் போதுமா?" எண்டு அதையும் கேட்டவ. எங்களை முன்ன பின்னத் தெரியாத மனுசி. அம்மா இண்டைக்கும் அவவைக் கதைக்காத நாள் இல்லை. எனக்கு இந்தியா எண்டா அந்த மனுசிதான் ஞாபகம் வாறது, அதனாலதான் அதே இந்தியாவின்ர பேரில வாற ஆக்கள் எங்களிட்ட ஒரு வார்த்தை கேக்காமல் செய்யிறதைப் பாக்க ஆத்திரத்தை விடக் கவலை கூட வருது.

மூண்டாவது ஆள் கேக்கிறார், "ஆரைக் கேக்கச் சொல்லுறாய், ஊரையெல்லாம் கூட்டி வைச்சோ கேக்கிறது?" நல்ல கேள்வி. ஏனெண்டா கேக்கிறதுக்கு ஆக்களே இல்லாமல் வைச்சிருந்தவை. மாகாணசபை 2018 ஒக்டோபரோட முடிஞ்சுது, இன்னும் தேர்தல் இல்லை. மாநகரசபை 2023 மார்ச்சோட முடிஞ்சுது, தேர்தலைத் தள்ளித் தள்ளி 2025 மேயிலதான் வைச்சவை. பேர் மாத்தேக்க நகரத்துக்கு ஒரு மேயர் இல்லை, ஆணையாளர்தான் நடத்தினவர். மாகாணத்துக்கு ஆளுநர். அதாவது எங்கட ஊர்க் கட்டடத்துக்குப் பேர் மாத்துற அண்டைக்கு, எங்கட சார்பில "ஓம்" எண்டோ "வேண்டாம்" எண்டோ சொல்ல இந்த நகரம் தெரிஞ்செடுத்த ஒரு சபை இருக்கேல்லை. டெல்லியும் கொழும்பும் கதைச்சு முடிச்சது. யாழ்ப்பாணத்தோட பண்பாட்டு உறவு எண்டு மேடையில சொல்லினம், அந்த மேடையில யாழ்ப்பாண நகரத்துக்கு ஒரு கதிரை கிடையாது.

முந்தி இப்பிடி இருக்கேல்லை. அந்த மையத்துக்குப் பக்கத்திலதான் பொது நூலகம் நிக்குது, அதைப் பாத்துக்கொண்டே எப்பிடி ஆக்கள் மறந்து போகினம் எண்டுதான் விளங்கேல்லை. 1933இல செல்லப்பா எண்ட ஒருத்தர் தன்ர வீட்டில தொடங்கினது. பிறகு ஊர்ச்சனமே குழு அமைச்சது, மேயர் சாம் சபாபதி முன்னுக்கு நிண்டார், பத்திரிசியார் கல்லூரி லோங் அடிகளார் நிண்டார், கார்னிவல் வைச்சு, லொத்தர் வித்துக் காசு சேத்தவை. வரைபடம் கீற மதராசில இருந்து நரசிம்மன் வந்தார். ஆலோசனை சொன்னது எஸ். ஆர். ரங்கநாதன், இந்தியாவில நூலகத்துறைக்கே தகப்பன் மாதிரியான மனுசன். வெளிநாட்டுத் தூதரகங்களும் உதவினது. 1959இல துரையப்பா மேயரா இருக்கேக்க திறந்தது. இதுவும் ஒரு நகரமும் இந்தியாவும் சேந்து செய்த வேலைதான். ஆனா என்ன வேணுமெண்டு சொன்னது நகரம், கூப்பிட்டது நகரம், வந்தவை வந்து உதவினவை. அதனாலதான் 1981இல அதை எரிச்சபோது இந்த ஊர் ஒரு பிள்ளையைப் பறிகுடுத்த மாதிரி அழுதது. தாங்கள் கேட்டுக் கட்டினதுக்குத்தான் சனம் அப்பிடி அழும்.

"மாநகரசபையிட்டக் குடுத்தா அந்த மையத்தை நடத்தேலாது, கரண்ட் பில்லே கட்டமாட்டினம்" எண்டு இன்னொருத்தர். இருக்கலாம். சபைக்குக் காசில்லை எண்டது உண்மைதான். அதுக்கு ஒரு வழி பாக்கலாம். ஆனா காசில்லாதவைக்கு வாயும் இருக்கக் கூடாதெண்டு சொல்லாதேங்கோ.

சீனாக் கதைக்கும் வாறன், ஏனெண்டா உது இல்லாமல் இப்ப ஒரு வாதமும் முடியிறேல்லை. "இந்தியாவைப் பகைச்சா சீனாக்காரன் வந்திடுவான்." நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்சாரத் திட்டத்தைப் பாருங்கோ. 2021இல சீனக் கம்பனிக்கெண்டு முடிவாச்சு, இந்தியா ஆட்சேபிச்சது, 2022இல இந்திய மானியத்தில எண்டு கையெழுத்தாச்சு. எனக்கு இந்தியா செய்யிறதுதான் விருப்பம், அதில ரெண்டு கதை இல்லை. ஆனா ரெண்டு தரமும் கதைச்சது ஆர்? அந்தத் தீவுச் சனத்திட்ட ஆராவது வந்து, உங்களுக்கு எது வசதி, மின்சாரம் எடுக்கிற காத்தாடியை எங்க நடுவம் எண்டு கேட்டதா நான் கேள்விப்படேல்லை. நாங்கள் ரெண்டு பெரிய ஆக்களுக்கு நடுவில இருக்கிற வெறும் காணித்துண்டு இல்லை, இஞ்ச சனம் சீவிக்குது.

பண்பாட்டு உறவு எண்டு சொல்லுற எல்லாரும் ஒருக்கா வடமராட்சிக் கரைக்குப் போய் நிண்டு பாருங்கோ. என்ர மச்சான் ஒருத்தர் தொழிலுக்குப் போறவர். இரவு விரிச்ச வலை விடியக் காணாது, இந்திய இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போயிருக்கும். இழுவைமடியை 2017இல சட்டம் போட்டே தடை செய்தாச்சு, ஆனா கடலில அது நிண்டபாடில்லை. அங்கால நாகபட்டினம், ராமேஸ்வரத்தில அந்தப் படகில கூலிக்கு வாறவனும் ஏழைதான், அவன் நேவியிட்டப் பிடிபட்டு யாழ்ப்பாணம் சிறையில கிடக்கேக்க அவன்ர பெண்சாதியும் அழுறாள், எனக்கு அதுவும் தெரியும். இந்த ரெண்டு கரைச் சனத்தையும் ஒரு மேசையில இருத்தி ஒழுங்கா முடிவு எடுங்கோ எண்டு எத்தினை வருசமாக் கேக்கிறம்! அது நடக்கேல்லை. பேர்ப்பலகை மாத்துறதுக்கு மட்டும் நேரம் கிடைக்குது. மச்சான் கலாசார மையத்துக்கு உள்ள ஒரு நாளும் போனதில்லை. அவருக்கு இந்தியா எண்டா இரவில கடலில தெரியிற லைட் வெளிச்சம்தான்.

"நீ இந்திய எதிர்ப்பாளன்" எண்டு எழுதினவருக்கு நான் பதில் சொல்லப் போறேல்லை. அம்மாவின்ர நெஞ்சில இருக்கிற தையல் பதில் சொல்லும்.

இதை இப்பவே சொல்லுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அடுத்தது காங்கேசன்துறைத் துறைமுகம் வருது. 61.5 மில்லியன் டொலர் இந்திய மானியம், கலாசார மையத்தை விட அஞ்சு மடங்கு. 2023இல நாகபட்டினத்துக்குக் கப்பல் விட்டு ஒரு கிழமையில நிண்டு, 2024 ஓகஸ்டில திரும்பத் தொடங்கி, மழை காத்தெண்டு திரும்ப நிண்டு, 2025 பெப்ரவரியில திரும்பவும் தொடங்கினது. அந்தத் துறைமுகம் வந்தா அந்தக் கப்பல் ஒழுங்கா ஓடும், நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதிலயும் போவன். ஆனா காங்கேசன்துறை, மயிலிட்டிச் சனம் 1990இல துரத்துப்பட்டு, முகாமுக்குள்ள இருந்து கிழடாகி, இப்ப கொஞ்சம் கொஞ்சமாத்தான் திரும்ப வந்து வலை காயப்போடுது. இன்னும் காணி விடுபடாத ஆக்கள் இருக்கினம். ஆழப்படுத்தினா அவையின்ர வள்ளம் எங்க நிக்கும், கரையில எவ்வளவு போகும், வேலை ஆருக்குக் கிடைக்கும்? இதையெல்லாம் டெல்லியிலயும் கொழும்பிலயும் கதைக்கிறதுக்கு முதல் மயிலிட்டிக்கு வாங்கோ. அங்க சங்கம் இருக்கு, தலைவர் இருக்கிறார், கோயில் மண்டபத்தில கதிரை இருக்கு. மாகாணசபைத் தேர்தலையும் வையுங்கோ, வைச்சாப் பிறகு கையெழுத்துப் போடுங்கோ.

மற்றது, என்னோட படிச்ச அந்த ரெண்டு பேரும், கீழ எழுதுறதெண்டா இந்தக் காங்கேசன்துறை விசயத்துக்குப் பதில் எழுதுங்கோ. பேர் சேத்தாச்சுத்தானே எண்டு திரும்ப வராதேங்கோ.