கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்

எங்கள் சபையில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அன்று மாலைக்குள் நாலு வீட்டிலிருந்து சாப்பாடு போய்விடும். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க ஆள் வந்துவிடும். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் குடியிலிருந்து மீள முடியாமல் தவிப்பவர், மணவாழ்க்கை முறிந்தவர், கெட்ட பேர் எடுத்தவர் என்று வரும்போது அதே கைகள் ஏன் தயங்குகின்றன? நோயாளிமேல் யாரும் பழி சொல்வதில்லை, அதனால் இரங்குவது எளிது. தவறியவருக்கு இரங்கும் இடத்தில்தான் நாம் தடுமாறுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு அக்கா ஆராதனைக்குத் திரும்பி வந்தார். வீட்டு விஷயம் ஒன்று வெளியே தெரிந்தபின் எட்டு மாதமாக வராதவர். முதல் பாட்டு தொடங்கியபிறகு வந்து கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கையில் பாட்டுப் புத்தகம் இல்லை. பக்கத்தில் இருந்த யாரும் நீட்டவில்லை, நானும்தான். எங்களுக்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை, எப்படி முகம் கொடுப்பது என்று தெரியவில்லை. அது அவருக்கு எப்படித் தெரியும்? அப்போது முன் வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர், முழங்கால் வலியோடு பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை இருவர் மடிக்கும் நடுவில் விரித்து, பாடுகிற அடியை விரலால் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

“பலியையல்ல இரக்கத்தையே விரும்புகிறேன்” என்ற, பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஓசியாவின் வசனத்தை மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு இரண்டு முறை எடுத்துச் சொல்கிறார், 9ஆம் அதிகாரத்திலும் 12ஆம் அதிகாரத்திலும். இரண்டு முறையும் அவர் சொன்னது பரிசேயருக்கு, வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு. வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிற எனக்கு இது உறைக்கிறது.

திருச்சபை இந்தக் கேள்வியில் ஆரம்பகாலத்திலேயே பிளந்திருக்கிறது. 250இல் ரோமப் பேரரசன் டேசியஸ் தெய்வங்களுக்குப் பலியிடச் சொன்னபோது, உயிருக்குப் பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்கள் ஏராளம். பிறகு அவர்கள் திரும்பி வந்தார்கள். சேர்க்கவே கூடாது என்று ரோமில் நொவாசியான் என்ற குரு தனியாகப் பிரிந்தார். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் ஆயர் சிப்ரியான் தலைமையில் 251இல் கூடிய ஆயர்கள் சங்கம், மனந்திரும்புதலுக்குக் காலம் வைத்து வழியைத் திறந்தது. சிறையையும் அடியையும் தாங்கி நின்றவர்கள் இருந்த சபையில் அது லேசான முடிவாக இருந்திருக்காது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரக்கம் என்ற பேரில் குற்றத்தை மூடி மறைப்பதை ஏற்கவே மாட்டேன். பிள்ளைகளைச் சீரழித்தவன் சட்டத்துக்கு முன் நிற்கட்டும். பாதிக்கப்பட்டவரிடம் போய் ‘மன்னித்துவிடு’ என்று அவசரப்படுத்துவது இன்னொரு கொடுமை. முதல் இரக்கம் அவருக்கு உரியது.

ஆனால் ஒழுங்கு நடவடிக்கைக்கும் ஒரு முடிவு வேண்டும். கொரிந்து சபை ஒருவரைத் தண்டித்தபிறகு அப்போஸ்தலன் பவுல் அவர்களுக்கு எழுதுகிறார்: போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் செய்யுங்கள். நம் சபைகளில் ஒருவரைத் திருவிருந்திலிருந்து நிறுத்திவைக்கத் தீர்மானம் போடுகிறோம். அந்தக் கூட்டத்திலேயே, அவரை வாராவாரம் யார் போய்ப் பார்ப்பது, எந்தத் தேதியில் மறுபடி பேசுவது என்றும் எழுதினால் என்ன? ‘ஜெபக் குறிப்பு’ என்று ஆரம்பித்து ஒரு குடும்பத்தின் கதையை வாட்ஸ்அப்பில் பரப்புவதையும் நிறுத்த வேண்டும். அதைப் படித்துவிட்டு ஜெபிப்பவர்களைவிடப் பேசுபவர்களே அதிகம்.

போன வாரம் அந்த அக்காவிடம், அன்றைக்குப் புத்தகம் நீட்டாததற்கு மன்னிப்புக் கேட்டேன். “அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம்ப்பா, புத்தகமே வேண்டாம். அந்த அம்மா விரல் நகர்றதைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன்” என்றார்.